புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்கு எங்கள் கோயில் குழு எதைக் கொடுப்பது?

கேள்வி: கோயில் மகளிர் குழு, சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் அம்மன் கோயிலில் பதினான்கு பெண்கள் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுகிறோம். செலவு போக மீதமாகும் பணத்தை ஏதாவது ஒரு நற்காரியத்துக்குக் கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு மீதம் பதினெட்டாயிரம் ரேண்ட். எங்கள் தெருவிலேயே ஒரு சிறுமிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்ததால், இம்முறை இந்நோயால் வாடும் குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் கொடுப்பது என்று ஒரே மனதாக முடிவெடுத்தோம். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தீபாவளிக்கு மருத்துவமனை வார்டுக்குப் பொம்மைகளும் இனிப்பும் கொண்டு போகலாம் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். குழந்தைப் புற்றுநோய்க்கென்றே இயங்கும் தொண்டு அமைப்புக்குப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது மற்றவர்களின் எண்ணம். அச்சிறுமியின் படத்தை முகநூலில் போட்டால் இன்னும் அதிகம் திரட்டலாம் என்று இளம்பெண் ஒருத்தி சொன்னாள்.

என்னைத் தயங்க வைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேசையின் மேல் ஐந்து கரடி பொம்மைகள் நெகிழி உறைகூடப் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன. சுவரில் இருந்த, முன்பணம் போட்டால் ஓடும் மின்சார மீட்டரோ காசு தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் என் பார்வை போன இடத்தைக் கண்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் போட எழுந்தார். அன்றிலிருந்து, நாம் கொடுப்பது நம் மனநிறைவுக்கா அவர்கள் தேவைக்கா என்ற கேள்வி என்னை விடவில்லை. இவ்வழியைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், உண்மையில் எது உதவியது என்று சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஒரு தாய், லேடிஸ்மித்

வணக்கம் அக்கா. நீங்கள் அந்த மீட்டரைக் கவனித்தீர்களே, அதுவே எனக்குப் போதும். மனம் விட்டு எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆறு வயதில் இந்நோய் வந்தது. முதலில் கால் வலிக்கிறது என்றான். பிறகு முகம் வெளிறியது. விழாமலேயே முழங்காலிலும் முதுகிலும் நீலக் கன்றல்கள் தோன்றின. வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் என்று ஓரிடத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையே டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு எங்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து டர்பன் ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீட்டர். சிகிச்சை ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து ஒரு பெட்டியோடு போனேன். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் என் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறாரா என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த நிலையில் என்னைத் தாங்கியது சாக் அமைப்பின் தங்கும் வீடு. புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோரே சேர்ந்து 1979ஆம் ஆண்டில் தொடங்கிய அமைப்பு அது. இன்று நாடு முழுவதும் இயங்குகிறது. சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகளுக்கு அருகில் வீடுகளை வைத்துக்கொண்டு, தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் இடம் கொடுக்கிறார்கள். படுக்கையும் குளியலறையும் இருந்தன என்பதைவிட, அங்கே ஒரு சமையலறை இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கீமோ என்னும் புற்றுநோய் மருந்து ஏற்றி முடிந்து வந்த பிள்ளைக்கு எந்த வாசனையும் பிடிக்காது. நள்ளிரவில் திடீரென்று ரசம் வேண்டும் என்பான். நான் புளி கரைத்துக்கொண்டிருக்க, பக்கத்து அடுப்பில் ம்குஸேயிலிருந்து வந்த ஒரு ஜூலுத் தாய் தன் மகளுக்காகப் புத்து என்னும் சோளமாவுக் களி கிளறிக்கொண்டிருப்பார். அவர் மொழி எனக்கு அரைகுறை, என் மொழி அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை எத்தனை என்பதை இருவரும் விரல்களைக் காட்டியே கேட்டுக்கொள்வோம்.

அந்த ஜூலுத் தாயின் மகள் பிழைக்கவில்லை. பிள்ளையின் உடலை ஊருக்குக் கொண்டு போக வண்டிக்காரர் கேட்ட தொகை அந்தத் தாயிடம் இல்லை. தங்கியிருந்த தாய்மார்கள் எல்லோரும் கைப்பையைத் துழாவினோம். மீதியைச் சமூகப் பணியாளர் பல இடங்களில் கேட்டுத் திரட்டினார். இப்படி ஒரு செலவு வரும் என்று நன்கொடை கொடுப்பவர் எவருக்கும் தோன்றாது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஆகவே அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பிள்ளை ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குத் தவறாமல் வந்து சேர எது உதவுமோ அதைக் கொடுங்கள். எங்களுக்கு அது பயணச் செலவு. அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையைப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் டாக்சி வேனில், ஜன்னலையும் திறக்க விடாத குளிர்காலத்தில் எப்படி ஏற்றுவது? என் கணவர் விடுப்பு எடுத்த நாளெல்லாம் சம்பளம் பிடித்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் மாதம் ஒருமுறை தன் காரில், பெட்ரோல் காசு வாங்காமல், விடியற்காலை நான்கு மணிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அவருக்கு நான் என்ன செய்தாலும் தீராது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். என் மூத்த மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளை அத்தை வீட்டில் விட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எடை குறைந்திருந்தாள். தம்பிக்கு நோய் வந்ததற்குத் தான் அவனோடு சண்டை போட்டதுதான் காரணமோ என்று யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தாளாம். நோயாளிப் பிள்ளைக்குப் பரிசு கொண்டு போகிறவர்கள், வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளையிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அது பெரிய உதவி. தயவுசெய்து, எந்தப் பாவத்துக்கு இது வந்தது என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். என் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற செவிலியர், மெரிபேங்க்

லேடிஸ்மித் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. மகன் இப்போது நலம் என்று நம்புகிறேன்.

பொம்மை, இனிப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். கீமோ மருந்து புற்றணுக்களோடு சேர்த்து நோய் எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அந்த நாட்களில் நமக்குச் சளியாக வந்து போகும் கிருமி அப்பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே துவைக்க முடியாத பஞ்சுப் பொம்மை, பூங்கொத்து, வெளியில் செய்த தின்பண்டம் ஆகியவற்றைப் பல வார்டுகளில் உள்ளே விடுவதில்லை. பதினான்கு பேர் சேர்ந்து போவதும் வேண்டாம். வார்டின் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசினால், இந்த மாதம் எது குறைகிறது என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் கழிப்பறைத் தாள், சோப்பு, துணி துவைக்கும் பொடி, தாயின் கைபேசிக்கு டேட்டா என்றுதான் பட்டியல் வரும்.

நான் பணியில் இருந்தபோது பலமுறை விரும்பி, வாங்கித் தர முடியாமல் போன ஒரு பொருள் டிஜிட்டல் தெர்மாமீட்டர். கீமோ பெறும் பிள்ளைக்கு உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால், விடியும்வரை காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனையை அழைக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தால் வெப்பம் தணிந்ததுபோல் தோன்றி, உள்ளே கிருமி பரவிக்கொண்டிருப்பது மறைந்துவிடும். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்த தாய்மார்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வீட்டில் அதற்கான கருவி இல்லை, அவ்வளவுதான். ஒரு தெர்மாமீட்டரும், எந்த எண்ணைக் கண்டால் எங்கே அழைப்பது என்று அவரவர் மொழியில் எழுதிய அட்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தால், உங்கள் பணம் வீணாகாது.

உங்கள் கோயில் செய்யக்கூடிய, காசே தேவைப்படாத காரியம் ஒன்றும் உண்டு. கூழ் ஊற்றும் நாளில் நூற்றுக்கணக்கான தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள் அல்லவா? ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். உடலில் புதிதாகத் தோன்றும் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காரணமற்ற காய்ச்சல், வெளிறிப்போவது, எளிதில் தோல் கன்றிப்போவது, எலும்பு வலி, காலையில் தலைவலியோடு வாந்தி, நடை தடுமாறுவது ஆகியவற்றையும் சொல்லுங்கள். இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல, பயமுறுத்தவும் கூடாது. ஆனால் இந்நோய் சீக்கிரம் பிடிபட்டால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. வசதி படைத்த நாடுகளில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் மூன்று பேருக்கு ஒருவர்கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இடைவெளி நோயினால் வந்ததல்ல. தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும்தான் பெரிய காரணங்கள். பாதியில் விடுகிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லாதீர்கள். டாக்சிக் காசு இல்லாததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வராமல் நின்றுபோனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பதில் 3: கணக்காளர், பீனிக்ஸ்

வணக்கம். பணத்தைப் பற்றிய இரண்டு செய்திகள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு, வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழிவு உண்டு. கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு அந்தக் கழிவு இல்லை. எனவே உங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள் இனிமேல் கொடுப்பதைக் கோயில் கணக்கில் போடாமல், தத்தம் பெயரிலேயே அறக்கட்டளைக்கு நேராகச் செலுத்திச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பக் கிடைக்கும் வரியையும் சேர்த்துக் கொடுக்கலாம். பெயர் அறியாத அமைப்பு என்றால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சமூக வளர்ச்சித் துறையின் பதிவேட்டில் சரிபார்த்த பின்பே கொடுங்கள்.

பதினெட்டாயிரத்தை ஒரே நாளில் கொடுப்பதைவிட மாதம் ஆயிரத்து ஐந்நூறாகப் பன்னிரண்டு மாதம் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. அமைப்பு நடத்துகிறவர்களுக்கு அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரிந்தால்தான் வண்டிக்கும் வீட்டு வாடகைக்கும் வாக்குக் கொடுக்க முடியும்.

சிறுமியின் படத்தை முகநூலில் போடும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவள் வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதிலும் தலைமுடி இல்லாத அந்த முகம் இணையத்தில் நிற்கும். பெற்றோர் சம்மதித்தாலும், கையேந்தும் நேரத்தில் கொடுத்த சம்மதத்தை முழு மனதோடு கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதில் 4: லேடிஸ்மித் தாய், மீண்டும்

கணக்காளர் அண்ணன் சொன்ன மாதத் தவணை மிகச் சரி. ஆனால் எல்லாவற்றையும் அமைப்புக்கே கொடுத்துவிட வேண்டாம் அக்கா. உங்கள் தெருவிலேயே ஒரு வீடு இருக்கிறது. டர்பனுக்குள்ளேயே இருப்பவர்களுக்குத் தங்கும் வீடு தேவைப்படாது. அதனாலேயே அவர்களுக்கு ஒன்றும் குறையில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மீட்டருக்குக் காசு போட்டுவிட்டு, போட்டதைச் சொல்லாமல் வந்துவிடுங்கள். பிள்ளைக்கு இடைவிடாத கவனிப்பு தேவைப்படும் காலத்துக்குச் சாசா என்னும் அரசு உதவித்தொகை அலுவலகம் வழியாக, கேர் டிபெண்டன்சி என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. மருத்துவர் மதிப்பீடும் பெற்றோரின் வருமானமும் பார்த்தே கொடுப்பார்கள். வரிசையில் நிற்க அந்தத் தாய்க்கு நேரமிருக்காது. உங்களில் ஒருவர் படிவத்தை வாங்கிவந்து, காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்து, அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

செவிலியர் அம்மா கேட்டார்கள். மகன் நலம். இப்போது பதினோரு வயது, கால்பந்து விளையாடுகிறான்.

பதில் 5: கோயில் மகளிர் குழு, சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் உங்கள் பதில்களை உரக்கப் படித்தேன். பொம்மை வாங்கலாம் என்று சொன்னவர்களே முதலில் மனம் மாறினார்கள். மாதம் ஆயிரம் ரேண்டாக ஓராண்டுக்குத் தங்கும் வீட்டுக்கும், மீதி ஆறாயிரத்தில் தெர்மாமீட்டர் உறைகளும் தெருவில் உள்ள குடும்பத்தின் மின்சாரமும் என்று முடிவு. கார் வைத்திருக்கும் நால்வர் முறை வைத்துக்கொண்டு அந்தச் சிறுமியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அவளுடைய அண்ணன் செவ்வாய்தோறும் எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் எழுதுவான். படம் போடப்போவதில்லை. ஒரு சந்தேகம்: எங்களில் சிலர் பணம் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள், இரத்தம் கொடுத்தால் அது இக்குழந்தைகளுக்குப் போய்ச் சேருமா?

பதில் 6: ஓய்வுபெற்ற செவிலியர், மெரிபேங்க்

நிச்சயமாகச் சேரும். கீமோ பெறும் பிள்ளைக்குச் சிவப்பணுவும், இரத்தம் உறைய உதவும் தட்டணுவும் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் சேமித்து வைப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள, பதினாறு வயது நிறைந்த ஆரோக்கியமானவர்கள் ஐம்பத்தாறு நாளுக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். டிசம்பரில் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் மூடியிருப்பதால் கொடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். கோயில் மண்டபம் அந்த மாதத்தில் காலியாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வையுங்கள். தேசிய இரத்தச் சேவையிடம் நான் பேசுகிறேன். படுக்கை விரிப்பையும் ஊசியையும் அவர்கள் கொண்டுவருவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் நம் பொறுப்பு.

உங்கள் வீட்டு இளைஞர்களிடம் எலும்பு மஜ்ஜை கொடுக்க முன்வருகிறவர்களின் பதிவேடு பற்றியும் சொல்லுங்கள். மஜ்ஜை பெரும்பாலும் ஒரே பூர்விகத்தைச் சேர்ந்தவர்களிடையேதான் பொருந்தும். நம் மக்கள் பதிவேட்டில் குறைவாக இருப்பதால், நம் பிள்ளைகளுக்கு மாற்று மஜ்ஜை தேடும்போது கிடைப்பதும் அரிதாக இருக்கிறது. பெயர் பதிய கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையே அதற்கும் ஒரு மேசை போட முடியுமா என்று கேட்டுவிட்டு, இங்கேயே எழுதுகிறேன்.