பின்பக்க ஏர் பேக்குக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

வணக்கம். இங்கே மலேசியாவில் தோட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு வண்டிப் பராமரிப்பு சொல்லித் தருகிறேன். ஒரு பக்கக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போர் வீல் வண்டி (நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி) டிரெய்லர் இழுக்கும்போது பின்பக்க ஏர் பேக்கில் எவ்வளவு காற்று வைப்பது என்பதுதான் விஷயம். 'ஏர் பேக்' என்று எழுதினால் ஸ்டியரிங்குக்குள் இருக்கிற, மோதினால் விரிகிற பைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. "சார், அதுல காத்து அடிச்சா மூஞ்சில வெடிக்காதா?" என்று போன வாரம் ஒருவன் கேட்டே விட்டான். நான் சொல்வது பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஸ்பிரிங் பட்டைக்குத் துணையாக மாட்டுகிற ரப்பர் உருளையை. வரைவில் 'காற்றுப்பை' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

தம்பி, 'வளிப்பை' என்று வையுங்கள். என் காதுக்குக் காற்று என்பது மேலே படுவது, வளி என்பது வேலை செய்வது. கரிகாலன் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது புறநானூற்றின் 66ஆம் பாட்டு. காற்றை அடக்கிக் கப்பல் ஓட்டிய ஆற்றலுக்கு அன்றே வைத்த பெயர். உங்கள் ரப்பர் உருளையும் அதையேதான் செய்கிறது. கப்பலைத் தள்ளாமல் வண்டியைத் தூக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டறைக்காரர், தெலுக் இந்தான்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பையன்களுக்கு ள, ல, ழ மூன்றும் ஒன்றுதான். "வளிப்பைக் கொஞ்சம் ஏத்து" என்று நான் கத்தினால் பக்கத்துக் கடைக்காரர் இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார், யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று.

ஏர் என்று ஆங்கிலத்தில் எழுதுவதிலும் இங்கே சிக்கல் உண்டு. மலாயில் air என்ற அதே எழுத்தை எழுதி 'ஆயேர்' என்று படித்தால் தண்ணீர். அட்டையைப் பார்த்துவிட்டு "இதற்குள் தண்ணீரா ஊற்றுவது?" என்று ஒரு பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

தமிழாசிரியர், தைப்பிங்:

உச்சரிப்பைத் திருத்துவதை விட்டுவிட்டு மொழியைத் திருத்தச் சொல்கிறீர்கள்.

பௌதிக ஆசிரியை, யாழ்ப்பாணம்:

எங்கள் பாடப்புத்தகத்தில் வளிதான், யாருக்கும் வலிப்பு வந்ததில்லை. ஆனாலும் நான் பிடித்துக்கொள்வது பையை. அந்தப் பொருள் பையே இல்லை, வில், அதாவது ஸ்பிரிங். சுமை ஏறினால் அமுங்கும், இறங்கினால் எழும். எடை பார்க்கிற விற்றராசு என்கிறோமே, அதற்குள் இருக்கிற அதே வில். எஃகுக்குப் பதிலாக உள்ளே அடைபட்ட காற்று, அதனால் 'வளிவில்' என்றோ 'காற்றுவில்' என்றோ சொல்லலாம். அப்புறம் தம்பி, 'அழுத்தம்' என்று எழுதியிருப்பீர்கள். எங்களுக்கு அது 'அமுக்கம்'. சண்டைக்கு வரவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

லாரிக்காரர் மகன், நாமக்கல்:

அக்கா சொல்வதற்கு எங்கள் ஊர்ப் பட்டறையே சாட்சி. லாரிப் பட்டையை இங்கே 'கமான் பட்டை' என்பார்கள். கமான் என்றால் பாரசீகத்தில் வில். படிக்காத மேஸ்திரி பாரசீக வில்லை வாயில் வைத்துக்கொண்டு அலைகிறார், படித்த நாம் தமிழ் வில்லை எடுக்கத் தயங்குகிறோம். என் பங்குக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: 'துருத்தி'. மடிப்பு மடிப்பாக உப்பியிருக்கிற உருவம் அச்சு அசல் கொல்லன் துருத்திதான்.

தமிழாசிரியர், தைப்பிங்:

துருத்தி அழகான சொல். அதற்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு. திருப்பூந்துருத்தி அப்படி வந்த பெயர். இரு பக்கமும் நீர் ஓட நடுவில் உப்பி நிற்கும் மேடு. ஊதப்பட்டது போன்ற உருவத்தால் நிலத்துக்கு இந்தப் பெயர் வந்ததா, 'துருத்தி நிற்றல்' என்ற வினையிலிருந்து இரண்டும் கிளைத்தனவா என்பது தனியே எழுத வேண்டிய செய்தி. நாளை எழுதுகிறேன்.

பட்டறைக்காரர், தெலுக் இந்தான்:

நாளைக்கு எழுதுங்கள் ஐயா, படிக்கிறேன். ஆனால் துருத்தி காற்றை வெளியே விடுகிற சாமான். இது காற்றை வெளியே விட்டால் என் பட்டறைக்கு வந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று தேடுவதே எனக்கு வேலை.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

அக்கா சொன்ன 'பை இல்லை' என்பது என்னைச் சுருக்கென்று குத்தியது. நடந்ததைச் சொல்கிறேன்.

வெறும் வண்டி. டிரெய்லர் இன்னும் மாட்டவில்லை. "பையில் காற்று வை" என்று சொல்லிவிட்டு நான் பசியாறப் போனேன். திரும்பி வந்தால் வண்டியின் பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. காற்றழுத்த மானி 70 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. "நிரப்பிட்டேன் சார்" என்றான். செம்மண் சாலையில் நூறு அடி போவதற்குள் பின்னால் போட்டிருந்த ஸ்பேனர் பெட்டி எகிறிக் கீழே விழுந்தது. அவன்மேல் தப்பில்லை. பை என்றால் நிரப்பத்தானே தோன்றும்? ரப்பர்ப் பால் வாளியை நிரப்பிப் பழகிய குடும்பத்துப் பிள்ளை. வில் என்று சொல்லியிருந்தால் 'எவ்வளவு வைக்கணும்' என்றாவது கேட்டிருப்பான்.

பட்டறைக்காரர், தெலுக் இந்தான்:

இதைத்தான் குறிப்பில் முதல் வரியாகப் போடணும். சொல் எதுவாக இருந்தாலும் வேலை இப்படித்தான். சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்து. கையேட்டில் உள்ள குறைந்த அளவு காற்று உள்ளே இருக்கட்டும், பல வகைகளுக்கு அது 5 பி.எஸ்.ஐ. சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை முன்னும் பின்னும் அளந்து சுண்ணக்கட்டியால் மட்கார்டிலேயே எழுதி வை. அப்புறம் சுமை ஏற்றிய டிரெய்லரை மாட்டு. 50 கிலோ உரமூட்டை 16 என்றால் 800 கிலோ, டிரெய்லர் எடை 250 என்று வைத்தால் 1,050. அதில் 100லிருந்து 160 கிலோ வரை வண்டியின் கொக்கிமேல் இறங்கும், இறங்கவும் வேண்டும். அதைக் குறைக்கிறேன் என்று மூட்டையைப் பின்னால் தள்ளி அடுக்கினால் டிரெய்லர் வாலாட்டும்.

இப்போது பின்பக்கம் தாழ்ந்திருக்கும். ஐந்து ஐந்தாகக் காற்று வைத்து, பழைய அளவுக்குக் கிட்டே வந்ததும் நிறுத்து. அதற்கு மேலே போகாதே. முன்பக்கம் கொஞ்சம் எழும்பியிருப்பது காற்றால் இறங்காது, ஏனென்றால் சுமை இன்னும் பின் அச்சுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பின்பக்கம் மட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பையன்கள் நினைப்பார்கள். ஸ்டியரிங் லேசாக இருக்கிறதே என்று யாரும் யோசிப்பதில்லை. காற்று வைப்பதால் வண்டி தாங்குகிற எடையும் ஒரு கிலோகூட அதிகமாகாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில போர் வீல் வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்கை அதிகமாகக் கொடுக்கும். நீ காற்று வைத்துத் தூக்கிவிட்டால் வண்டி காலி என்று அது ஏமாந்துபோகும். அந்தக் கம்பி இருந்தால் பட்டறையில் காட்டாமல் சுமையோடு ஓட்டக் கூடாது.

தமிழாசிரியர், தைப்பிங்:

இவ்வளவு நுட்பம் உள்ள பொருளுக்குக் காற்றுவில் போதாது. மூலவில் ஏற்கெனவே இருக்கிறது, இது அதற்குத் துணை. ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது (புறம் 102) உப்பு வணிகர் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று அடிமரத்தில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிப் போவார்களாம். அதன்வழியே 'சேமவில்' என்பேன். தமிழ் வண்டிக்காரன் 2,000 ஆண்டுக்கு முன்பே முடித்த வேலை இது.

லாரிக்காரர் மகன், நாமக்கல்:

ஐயா, அது ஸ்டெப்னி. ஒடிந்தால் மாற்றுவதற்கு. இது ஒடியாதபோதும் வேலை செய்கிறது.

பட்டறைக்காரர், தெலுக் இந்தான்:

இந்த ஊரில் சேம என்று தொடங்கினாலே, ஓய்வுக்காலத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கிற ஊழியர் சேமநிதிதான். ஐம்பத்தைந்து வயதில்தான் காற்றை முழுசாக வெளியே எடுக்க முடியும் என்று நினைப்பார்கள்.

பௌதிக ஆசிரியை, யாழ்ப்பாணம்:

வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் ஐயாவின் பாட்டு அருமை. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் தம்பி, சொல்லாக வைக்காவிட்டாலும்.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

யோசித்துப் பார்த்தேன். எங்கள் நாட்டில் எண்ணெய்ப்பனைக்கு வைத்த செம்பனை என்ற சொல்லை யாரும் யாருக்கும் விளக்கவில்லை. பழம் சிவப்பு, மரம் பனை மாதிரி, முடிந்தது. ரப்பர் மரத்துக்குச் சொல்கிற பால்மரமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிறந்த சொற்கள். அந்தக் கணக்கில் காற்றுவில்லுக்கு ஒரு குறை உண்டு, பார்த்தால் வில் மாதிரி இல்லை. ஆனால் அதன்மேல் கையை வைத்து அமுக்கினால் வில்தான். இன்று காலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பின் கதவுமேல் ஏறி உட்காரச் சொன்னேன். ஒருவன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "சார், மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றான்.

இதுவரை காற்றுவில்லுக்குத்தான் ஆதரவு அதிகம், சேமவில்லுக்கு ஐயா ஒருவர். தலைப்பில் காற்றுவில், அதன் கீழே ஒருமுறை மட்டும் 'பட்டறையில் ஏர் பேக் என்பார்கள்' என்று போட்டுவிட்டேன். 'நிரப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'வை' என்று மாற்றினேன். அளவை பி.எஸ்.ஐ.யிலும் கிலோபாஸ்கலிலும் கொடுத்திருக்கிறேன், எண்ணெய் நிலையத்து மானி 200 என்று காட்டினால் பயந்துவிடக் கூடாதே, அது 29 பி.எஸ்.ஐ.தான். அழுத்தம் அழுத்தமாகவே இருக்கிறது அக்கா, மன்னிக்கவும்.

தமிழாசிரியர், தைப்பிங்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் குறிப்பேட்டில் சேமவில் என்றே எழுதிக்கொண்டேன்.

பட்டறைக்காரர், தெலுக் இந்தான்:

டிரெய்லருக்கு என்ன போட்டீர்கள்?

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

டிரெய்லர்தான். தயவுசெய்து அதைத் தொட வேண்டாம் அண்ணே. இன்று வியாழன்.

லாரிக்காரர் மகன், நாமக்கல்:

இழுவண்டி என்று போட்டிருக்கலாமே?

தமிழாசிரியர், தைப்பிங்:

இழுவண்டி வினைத்தொகை. இழுக்கும் வண்டியா, இழுக்கப்படும் வண்டியா? முன்னால் போவதையும் அது குறிக்கும், பின்னால் வருவதையும் குறிக்கும். இதைத் தெளிவுபடுத்தாமல் அச்சுக்கு அனுப்புவது