புதுப்பிப்பு: கீச்சொலியின் மூலம் பவர் சப்ளை அல்ல, கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டின் மெனு திறந்தவுடன் என் மேசைக் கணினியிலிருந்து சிள்வண்டு கத்துவதுபோல் ஒலி எழுவதாகவும், பவர் சப்ளை மீதே சந்தேகம் என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தச் சந்தேகம் தவறு.

கேபினட் விசிறிகளின் இணைப்பைச் சிறிது நேரம் கழற்றிப் பார்த்தும் ஒலி நிற்கவில்லை. பிறகு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எதிலும் படாமல் உள்ளே நகர்த்தினேன் (வீட்டில் சிரித்தார்கள்). பவர் சப்ளை அருகே மெலிதாக இருந்த ஒலி, கிராபிக்ஸ் கார்டின் மின்சுருள்களை நெருங்கியதும் காதைத் துளைத்தது.

உச்சவரம்பு எதுவும் வைக்காத மெனுவில் நொடிக்கு 900 பிரேம்களுக்கு (கார்டு வரைந்து தரும் தனித்தனிப் படங்கள்) மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பிரேமுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குவதால் சுருள்கள் நம் செவிக்கு எட்டும் அதிர்வெண்ணில் துடிக்கின்றன. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் பிரேம் உச்சவரம்பை நொடிக்கு 60 ஆக்கியதும் ஒலி சட்டென அடங்கியது, 144 வைத்தால் மிக லேசாகக் கேட்கிறது. கார்டின் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தபின் அதுவும் பெருமளவு தணிந்தது.

இது பழுதல்ல என்பதால் மாற்றித் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எரிச்சல்தான், ஆனாலும் புதிய பவர் சப்ளைக்கான செலவு மிச்சம்.