ஜப்பானில் இருக்கும் நம்ம ஊர் மக்களே, ஒரு யோசனை வேணும்

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து வாப்பா, உம்மாவைக் கூட்டிக்கிட்டு தம்பியைப் பார்க்க ஒசாகா வந்திருக்கோம். வாசல்ல செருப்பைக் கழட்டுறது நமக்கும் பழக்கம்தான். இங்கே கழிப்பறைக்குன்னே தனிச் செருப்பு, அதோட வெளியே வரக்கூடாது. சோத்துல சாப்பிடுற குச்சியை நட்டு வைக்கக்கூடாது, அது இறந்தவங்களுக்குப் படைக்கிற முறையாம். ரயில்ல போன் பேசுறதும் மரியாதை இல்லை. ஊருக்குப் பேசாம உம்மா தவிச்சுப் போறாங்க, பாவம்.

இந்த ஞாயிறு பக்கத்து வீட்டம்மா விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. ரொம்ப நல்ல மனுஷி. பன்றி மட்டுமில்ல, மிரின்னு ஒரு அரிசி மதுவும் இங்கே சமையல்ல சேரும். அவங்க மனசு நோகாம இதை முன்கூட்டியே எப்படிச் சொல்றது? ஊர்லேர்ந்து கொண்டுவந்த தொதல்ங்கிற இனிப்பு இருக்கு, அதைக் கொடுக்கலாமா? இங்கே குடும்பத்தோட இருக்கிறவங்க சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.