தகரக் கூரையும் பாட்காஸ்டும்: நீலகிரி வகுப்பறை அனுபவங்கள்

கூடலூர், தமிழாசிரியர்:
தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துத் தகரக் கூரை வகுப்பில் பாட்காஸ்ட், அதாவது பதிந்த பேச்சு ஆடியோ, போடுவது மழையோடு மல்லுக்கட்டுவதுதான். சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. பேர்தான் வல்லினம், மழை இரைச்சலில் முதலில் முழுகுவது அதுவும் சகரத்தின் சீறலும்தான். உயிரோசை மட்டும் மிஞ்சும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. சின்ன ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தால் கரகரப்பு வேறு. மேசைமேல் பெரிய ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதில், சிறியவை இரண்டை நடு பெஞ்சுகளில் பிள்ளைகளின் காது உயரத்தில் வையுங்கள். தூரம் இருமடங்கானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் இறங்கிவிடும். இரண்டுக்கும் ஒயர் இணைப்பே நல்லது. ப்ளூடூத்தில் ஒன்று முந்தி ஒன்று பிந்தி வந்து எதிரொலி போலக் கேட்கும்.

பாட்காஸ்டை முந்தின நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டவரை நம்ப வேண்டாம். நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில், மோனோவாக, அதாவது ஒற்றை ஒலித்தடமாக இருந்தால் 10 நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கும். போனை ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் பாடத்தின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று நிமிடக் கணக்கோடு முன்பே எழுதி வையுங்கள். 3 நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடினால் பின் பெஞ்சு ஜன்னலுக்குப் போய்விடும்.

ஊட்டி, அறிவியல்:
சார், ஆடியோவுக்கு நீங்கள் சொன்னது சரி. வீடியோ, அசைவைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய பாடத்துக்கு மட்டும். ஊட்டி பக்கத்து முத்தோரையில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி நல்ல உதாரணம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் நிற்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. அதனால் அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இதை வாயால் சொல்லி ஏறாது. சரிவு தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, கோணமானியைத் திரையிலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேமரா பக்கவாட்டில் நேராக நின்று எடுத்த காட்சியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் கோணம் பொய் சொல்லும்.

புரொஜெக்டரைக் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து வந்தவுடன் போடாதீர்கள். பிள்ளைகள் நிறைந்த வகுப்பின் ஈரக்காற்று லென்ஸில் பனியாகப் படியும், படம் மங்கும். 20 நிமிடம் வைத்துவிட்டுப் போடலாம். துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

கோத்தகிரி, தொடக்கப்பள்ளி:
பிள்ளைகளையே பேசவைத்து ஆடியோ பதியவிடுபவர்களுக்கு: வெற்று வகுப்பு வேண்டாம், சுவர் எதிரொலிக்கும். கம்பளியைப் பின்னால் தொங்கவிட்ட மூலை போதும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். நேரே பிடித்தால் ‘ப்ப’ வரும்போதெல்லாம் வெடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பாமல், பதிந்த கோப்பை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள் டீச்சர்.