வேட்பாளர் உங்கள் ஊருக்கு வந்தாரா?

பிட்ஸ்பர்க் வாசி:
2024 அக்டோபர், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நேரம். பென்சில்வேனியாவில் அப்போது இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொட்டும் மழையில் ஒரு கல்லூரி மாணவி கதவைத் தட்டினாள். தலை முழுக்க ஈரம். துண்டறிக்கைகள் மட்டும் மேல்சட்டைக்குள் பத்திரமாக இருந்தன. நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் வந்தாளாம். "உங்கள் ஊரிலேயே ஓட்டுக் கேட்கலாமே?" என்றேன். "அங்கே முடிவு எப்போதோ தெரிந்துவிட்டது. இங்கேதான் தெரியவில்லை" என்றாள். தலை துவட்ட ஏதாவது எடுத்து வருவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்தின் தேர்வாளர்கள்தான். எங்கள் 19 தேர்வாளர்களுக்காக அந்தப் பெண் நனைந்தது இன்னும் உறுத்துகிறது.

சான் ஹோசே வாசி:
கலிஃபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள், நாட்டிலேயே அதிகம். என் கதவை ஒருவரும் தட்டவில்லை. வேட்பாளரின் நன்கொடை விருந்துக்காகச் சாலையை மறித்தபோது கறுப்புக் கார்களின் வரிசையைத்தான் பார்த்தேன். மகளைத் தோளில் தூக்கிக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் யார் என்றே தெரியவில்லை. "நம்மைப் பார்க்கவா வந்தார், அப்பா?" என்று கேட்டாள். பணம் திரட்ட இங்கே, ஓட்டுக் கேட்க அங்கே! ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே மாநிலம் மொத்தமும் போகும் என்ற விதி இருக்கும்வரை இப்படித்தான். நாடு முழுவதும் நேரடி ஓட்டு வந்தால் எல்லாம் மாறிவிடும்.

ஒமாஹா வாசி:
எல்லா மாநிலங்களும் அப்படியில்லை. மெய்னும் எங்கள் நெப்ராஸ்காவும் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கின்றன. 2024இல் எங்கள் தெரு நெடுக வெள்ளைப் பலகைகள், நடுவில் ஒரு நீல வட்டம், ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்; சிவப்பு மாநிலத்துக்குள் எங்கள் இரண்டாம் தொகுதி நீலம் என்று பொருள். அந்த ஒரே தேர்வாளருக்காக ஜனநாயகக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர் டிம் வால்ஸ் ஆகஸ்டில் பக்கத்து ஊருக்கு வந்து பேசினார்.

யாழ்ப்பாண வாசி:
சான் ஹோசே நண்பருக்கு. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நேரடி வாக்குத்தான். முழு நாடும் ஒரே தொகுதி. 2024இல் ஒரு கூட்டத்துக்குப் போனேன். வேட்பாளர் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்; மொழிபெயர்ப்பாளர் இரண்டே வரியில் முடித்தார். பக்கத்தில் நின்ற ஐயா, "மிச்சம் எங்கே?" என்று சத்தமாகவே கேட்டார். பதில் இல்லை.

ஆகவே நேரடி ஓட்டு மட்டும் போதாது. இந்தோனேசியாவில் மொத்த ஓட்டில் பாதியைத் தாண்டினாலும், பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் குறைந்தது 20 சதவீதம் பெற வேண்டும். நைஜீரியாவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் 25 சதவீதம். கென்யாவில் 47 கவுண்டிகளில் (மாவட்டம் போன்றவை) 24இல் அதே 25. இப்படி இருந்தால் தோற்கப்போகும் ஊருக்கும் போய்க் கால்வாசி ஓட்டையாவது கேட்டே ஆக வேண்டும். எங்கள் சட்டத்தில் இரண்டாம் விருப்பு வாக்கு இருக்கிறது; யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் அதையும் எண்ணுவார்கள். 2024இல்தான் முதன்முறையாக எண்ணினார்கள். அதையாவது தாருங்கள் என்று எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. நீங்கள் நேரடி ஓட்டைக் கோருவதென்றால், பல மாநிலங்களிலும் ஓட்டு வாங்கியாக வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக் கோருங்கள்.

சான் ஹோசே வாசி:
கால்வாசி கேட்க வந்தாலும் போதும், நண்பரே. மகளுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.