காங்கோவில் நம் படை: சரியாகப் போகிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சாட்ஸ்வொர்த் வாத்தியார் (கேள்வி)

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். இப்போது ஞாயிறுகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். அரசியல் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்று ஓயவே மாட்டேன் என்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் அண்ணன் மகன் தென்னாப்பிரிக்கத் தரைப்படையில் இருக்கிறான். கிழக்குக் காங்கோவில் கோமா நகரம் பக்கம் இருந்துவிட்டு உயிரோடு வீடு வந்தவன். 2025 ஜனவரி கடைசி வாரத்தில் நம் ஆட்கள் 14 பேர் செத்தபோது அவனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அண்ணி சாமி அறையை விட்டு வரவில்லை. அந்த நேரத்திலும் ஹாலில் அண்ணனும் என் மச்சானும் கத்திக்கொண்டிருந்தார்கள். "இப்போது திரும்பி வந்தால் செத்தவன் எதற்குச் செத்தான்?" என்பார் அண்ணன். "இன்னும் நாலு பேர் செத்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடுமா?" என்பான் மச்சான். பையன் வந்து சேர்ந்த பிறகும் இது நிற்கவில்லை, அவன் எதிரிலேயே நடக்கிறது. அவன் வாயைத் திறக்காமல் பிரியாணியைத் தின்றுவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

இரண்டு பேரில் யார் சரி என்று நான் கேட்கவில்லை. எம்23 என்ற கிளர்ச்சிக் குழுவை எதிர்த்துக் காங்கோ அரசுக்கு உதவ, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படை 2023 டிசம்பரில் உள்ளே போனது. 2024 பிப்ரவரியில் நம் பங்காக 2,900 பேர் வரை போவார்கள், 2 பில்லியன் ராண்டுக்குச் சற்று மேல் செலவாகும் என்று ஜனாதிபதி ராமபோசா அறிவித்தார். அதே மாதம் 14ஆம் தேதி முகாமுக்குள் மோர்ட்டார் குண்டு விழுந்து நம் சிப்பாய்கள் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம், பணி நடக்கிறது என்பதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. செய்தி பார்க்கிற சாதாரண ஆள் ஒருவன் அந்த ஒரு வருஷத்தில் எதைக் கவனித்திருந்தால், இது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் பழைய மெடிக்

வாத்தியாரய்யா, வரைபடத்தைக் கவனித்திருக்கலாம். நான் படையின் மருத்துவப் பிரிவில் இருந்தவன். காங்கோ போனதில்லை, அதனால் தெரிந்தவரைக்கும்தான் சொல்வேன்.

சாக்கே என்பது கோமாவுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊர். உள்நாட்டிலிருந்து கோமாவுக்கு வரும் சாலைகள் அங்கே சேருகின்றன, சுற்றிலும் குன்றுகள். 2024 பிப்ரவரியிலேயே எம்23 ஆட்கள் அந்தக் குன்றுகள் பக்கம் வந்துவிட்டார்கள். கீழே நம் முகாம், மேலே அவர்கள் மோர்ட்டார். மாதக்கணக்காக அப்படியேதான் கிடந்தது. இத்தனை பேட்ரோல் போனோம், இத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று அறிக்கையில் எது வேண்டுமானாலும் எழுதலாம். குன்று யார் கையில் என்பதை மறைக்க முடியாது.

அடுத்தது ஹெலிகாப்டர். 2012 நவம்பரில் இதே எம்23 இதே கோமாவைப் பிடித்தது. மறு வருஷம் ஐ.நா. ஒரு தலையீட்டுப் படையணி அமைத்தது. தென்னாப்பிரிக்கா, டான்சானியா, மலாவி என்று, இந்தக் கூட்டுப் படையில் போன அதே மூன்று நாடுகள்தான். 2013 நவம்பரில் நம் ரூய்வால்க் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் முதல் தடவையாகப் போரில் சுட்டன. அதே மாதம் எம்23 கதை முடிந்தது, ஆட்கள் உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் ஓடினார்கள். அது உண்மையான வெற்றி, யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2021 கடைசியில் எம்23 திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை நம் ஆட்களுக்கு மேலே ரூய்வால்க் இல்லை. எதிர்ப்பக்கத்தில் ருவாண்டா படையினர் 3,000 முதல் 4,000 பேர் வரை இருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜூலையில் எழுதியது. ருவாண்டா மறுக்கிறது, அது வேறு விஷயம். நம் பக்கம் 2,900 என்பது அனுமதித்த கணக்கு. உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் அதைவிட ரொம்பக் குறைவு. அறிவித்த எண்ணுக்கும் போன எண்ணுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருந்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

குன்று என்றதும் நம் ஊர்க் கதையே ஒன்று உண்டு. 1900 ஜனவரியில் லேடிஸ்மித் பக்கம் ஸ்பியோன் காப் உச்சியைப் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தார்கள். மறு ராத்திரியே விட்டுவிட்டு இறங்கினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் காந்தி சேர்த்த நேட்டால் இந்தியர்களும் உண்டு. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள்.

ஜோபர்க்கில் நெல்லைக்காரன்

நான் வேலைக்கு வந்து செட்டில் ஆனவன். இதைப் படித்ததும் எனக்கு இந்திய அமைதிப்படை ஞாபகம்தான் வந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடித்துவிட்டோம் என்று ரேடியோவில் கேட்டு எங்கள் தெருவில் பலர் சண்டை முடிந்தது என்றே நினைத்ததாக அப்பா சொல்வார். முடியவில்லை. 1990 மார்ச் 24ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசி ஆட்கள் கப்பல் ஏறும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. நகரம் கைக்கு வந்தது என்ற செய்தியை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

ஃபீனிக்ஸ் அக்கா

தம்பி, சிப்பாய்க் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறீர்கள். அதே அக்டோபரில், தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? முதலமைச்சர் ஏன் போகவில்லை என்பதற்கு அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. கோமாவில் நம் 14 பேருக்குக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினோம், சரி. அந்த ஊர்ச் சண்டையில் கிட்டத்தட்ட 2,900 பேர் செத்தார்கள் என்று ஐ.நா. சொன்னது. எங்கள் தெருவில் யாரும் அதைப் பேசி நான் கேட்கவில்லை.

இன்னொன்று. என் மகனும் படையில்தான் இருக்கிறான். மெட்ரிக் முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றியவன், சம்பளத்துக்காகத்தான் சேர்ந்தான். அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் காங்கோ போய் வந்தபின் அவன் பேச்சு மாறிவிட்டது. கோமாவைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட் கூடாரங்களில் இருந்த சனங்களைப் பார்த்தவன் அவன். நாங்கள் கிளம்பினால் அவர்கள் கதி என்ன என்று கேட்கிறான். ஊர் விழுந்ததும் எம்23 அந்த முகாம்களைக் காலி செய்யச் சொன்னது. "போகவே கூடாது" என்று சுலபமாகப் பேசுகிற மச்சான்மார் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கட்டும். என்னிடம் பதில் இல்லை, என் பிள்ளை மறுபடி போகக் கூடாது என்ற சுயநலம் மட்டும் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

அக்கா, இதை அப்படியே மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

மெடிக் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுத் தேதிகளை எழுதி வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2024 நவம்பரில் ஹராரே மாநாட்டில் தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் அமைப்பின் தலைவர்கள் கூடி இந்தப் பணியை இன்னும் ஒரு வருஷம் நீட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜனவரி 27 அன்று கோமா விழுந்தது. மார்ச் 13 அன்று அதே அமைப்பு பணியை முடித்துக்கொண்டது. நவம்பரில் நீட்டியவர்கள் கையில் என்ன அளவுகோல் இருந்திருக்கும்? அந்தக் குன்றுகள் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்திருக்குமே.

அப்புறம் நம் அரசியல் சட்டத்தின் 201ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். படையை வெளியே அனுப்பினால் ஜனாதிபதி நாடாளுமன்றத்துக்கு நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: காரணம், இடம், எத்தனை பேர், எவ்வளவு காலம். என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வோம், என்ன நடந்தால் கைவிட்டுத் திரும்புவோம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. போகும்போதே அதை எழுதி வைக்காவிட்டால், அண்ணன் கேட்கிற கேள்வியை எந்தக் கட்டத்திலும் கேட்கலாம், ஒவ்வொரு சவப்பெட்டியும் அடுத்ததற்குக் காரணமாகிவிடும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நீ கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசுகிறாய்" என்றார். நான் கணக்கு வாத்தியார்தான்.

நாடாளுமன்றத்தில் பாதுகாப்புக்கான கூட்டுக் குழு ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு கேள்வியையும் சேர்க்கச் சொல்லி அதற்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் பழைய மெடிக்

எழுதுங்கள் ஐயா. கூடவே, எந்த வழியாகத் திரும்பி வருவது என்றும் கேளுங்கள். கோமா விமான நிலையம் கைவிட்டுப் போனபின் நம் படை முகாமுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. செத்தவர்களின் உடல்கள் உகாண்டா வழியாக நம் வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேரப் பிப்ரவரி 13 ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவர்கள் ஏப்ரல் கடைசியில்தான் கிளம்பினார்கள், அதுவும் ருவாண்டாவுக்குள்ளே லாரி ஓட்டி டான்சானியா போய்ச் சேர்ந்தார்கள். யாரை எதிர்த்து நின்றோம் என்கிறோமோ அவர்கள் கேட்டைத் திறந்துவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம் என்ற நிலை. உங்கள் அண்ணன் மகனும் அந்த வழியாகத்தான் வந்திருப்பான். அவன் சொல்ல விரும்பினால் கேட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

அந்த வழியாகத்தான் வந்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கடிதம் எழுதியதும் இங்கே போடுகிறேன். படைச் சொற்களில் பிழை இருந்தால் திருத்துங்கள்.