பச்சைக் கூலன்ட்டோடு சிவப்பைக் கலக்கலாமா? அவசரம்

சாலைப்பித்தன்: என் வண்டியின் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. உள்ளே இருப்பது பச்சை, கைவசம் இருப்பது சிவப்பு. விடிந்ததும் நெடும்பயணம் கிளம்புவதால், கலக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்.

கருந்திருகி: எந்த வண்டி, நண்பரே? எஞ்சின் ஆறிய பிறகு அளவு பார்த்தீர்களா? சிவப்பு டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

வெந்நீர்: கலக்கவே கூடாது. பச்சை பழைய வகை, சிவப்பு துருவைத் தடுக்க ஆர்கானிக் அமிலம் சேர்த்த வகை. இரண்டும் சேர்ந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கக்கூடும்.

பட்டறைவாசி: நிறம் என்பது தயாரிப்பாளர் விருப்பப்படி சேர்க்கும் சாயம் என்பதை இங்கே இன்னும் எத்தனை முறை எழுதுவது என்று தெரியவில்லை. ஆர்கானிக் வகையே பச்சையிலும் வருகிறது. வண்டியோடு கொடுத்த கையேட்டைத் திறக்கும் பழக்கம் இருந்தால், பல நிறுவனங்கள் வாட்டர் பம்ப் சீல் தேயாமலிருக்கச் சிலிகேட் (துரு தடுக்கச் சேர்க்கும் உப்பு) இல்லாத, அலுமினிய எஞ்சினுக்கு ஏற்ற கூலன்ட்டைக் கேட்பது தெரிந்திருக்கும்.

தடம்பதி: எதற்கு இந்தக் குழப்பம்? பந்தயத் தடங்கள் பலவற்றில் கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலுக்கே (glycol) தடை. வெறும் தண்ணீரே வெப்பத்தை நன்றாகக் கடத்தும்.

வெந்நீர்: அந்தத் தடை, சிந்தினால் தடம் வழுக்கும் என்பதற்காக. அன்றாட வண்டியில் வெறும் தண்ணீர் துருவைத்தான் வளர்க்கும்.

தடம்பதி: அப்படியானால் தண்ணீரே சேர்க்காமல் கூலன்ட்டை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்!

பட்டறைவாசி: அதுவும் தவறு. கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீர் சேராத எத்திலீன் கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும்.

கருந்திருகி: கேட்டவரின் சிக்கலுக்கு வருவோம். சிறிதளவு குறைவென்றால் காய்ச்சி வடித்த நீரை ரிசர்வ் டேங்கில் மேல்கோடு தாண்டாமல் ஊற்றினால் இப்போதைக்குப் போதும். குழாய்த் தண்ணீர் உப்புப் படிய வைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

சாலைப்பித்தன்: வடித்த நீரே ஊற்றிவிட்டேன். நன்றி.

கருந்திருகி: கிளம்புமுன் வாட்டர் பம்ப் உறையின் அடியிலுள்ள சிறு துளையைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பச்சையாகக் காய்ந்த படிவு இருந்தால் சீல் கசிகிறது என்று பொருள். அந்த நிலையில் எந்தக் கூலன்ட்டை ஊற்றினாலும் வழியில் மறுபடி குறையும்.